பூஜையில் வைத்த வரைபடம்

வெளிநாட்டில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் எங்கள் எதிர் ஃபிளாட் ஜம்புநாதன் விமான என்ஜினீயர். பழைய யுத்தத்துக் குண்டுவீச்சு விமானங்களின் மூக்கில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தி, இரவுச் சண்டைக்கு அனுப்ப வரைபடம் போட்டிருந்தார்.

சர்க்கரை கேட்கும் சாக்கில் நான் நுழைந்தபோது, அந்த வரைபடம் சரஸ்வதி படத்தின் முன்னே குங்குமத்தோடு இருந்தது.

“இன்னிக்குக் கொடுக்கலேன்னா கான்ட்ராக்ட் போயிடும், கிரிஜா!” என்று பெண்டாட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“சரஸ்வதி பூஜையில வச்சதைத் தொடப்படாது. நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கோங்கோ.”

மனுஷன் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சர்க்கரையோடு என் ஃபிளாட்டுக்குத் திரும்பினேன்.

கான்ட்ராக்ட் போயிற்று. மறுநாள் கிரிஜாவை மாடிப்படியில் மடக்கினேன்.

“ஏண்டி, சரஸ்வதி பூஜை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே!”

“எங்காத்துப் பஞ்சாங்கம் நான்தான், மாமி. அந்தத் துப்பாக்கிகளைப் பார்த்த அன்னிக்கே தேதியை மாத்திட்டேன்.”