கையை எடுங்க

"கொஞ்சம் இடப்பக்கம்... ம், இன்னும் கொஞ்சம்."

திரையில் தெரிந்த ஹலினா இதையே எத்தனை தடவைதான் சொல்வாள்? மார்செலினுக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது.

இந்தச் சின்ன ஊர் கிளினிக்கில் உதவியாளர் அவள்; எந்திரக் கையைக் கர்ப்பிணியின் வயிற்றின் மேல், சொன்ன இடத்தில் பிடித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. ஸ்கேன் எடுப்பது சஸ்கட்டூன் நகரத்தில் இருக்கும் ஹலினா. அங்கே அவள் கையை அசைத்தால் இங்கே எந்திரக் கையின் நுனி அசையும். நடுவில் ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டும் தூரம், வழியெல்லாம் பனி.

படுத்திருந்த டெல்ஃபினுக்கு ஏழாம் மாதம். நேற்றிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

"மார்செலினக்கா, சத்தத்தை வைக்கச் சொல்லேன். இதயம் அடிக்கிறதைக் கேக்கணும்."

"இப்ப வேண்டாம்மா," என்றாள் ஹலினா. "கூட யாரும் வரலையா?"

"என் வீட்டுக்காரர் நோயல் வலை எடுக்க ஏரிக்குப் போயிருக்காரு. சொல்லி அனுப்பியிருக்கோம்," என்றாள் டெல்ஃபின்.

"சரி. வலப்பக்கம் பாப்போம்."

மறுபடி வலம், மறுபடி இடம். மார்செலின் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, உள்ள இருக்கிறது ஒரு புள்ளையா, ஒரு ஊரா? இவ்வளவு நேரமாத் தேடுறீங்க?"

ஹலினா சிரிக்கக்கூட இல்லை.

எந்திரத்தோடு பழகிப் பழகி இவளும் எந்திரமாகிவிட்டாள் என்று மார்செலினுக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளைத்தாச்சி பயந்து கிடக்கிறாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

ராத்திரி முழுக்கத் தூங்காத டெல்ஃபின் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

கதவு திறந்தது. நோயல் மீன் வாடையோடு ஓடி வந்தான். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தான்.

"போதும், கையை எடுங்க," என்றாள் ஹலினா உடனே மார்செலினிடம். "ரெண்டு பேரையும் அந்த ரூமுக்கு அனுப்புங்க. டாக்டர் போன்ல பேசுவார்."

அவர்கள் போனதும் மார்செலின் திரையைப் பார்த்துத் திரும்பினாள்.

"அதென்ன, அவன் வந்ததும் டக்குனு முடிஞ்சிடுச்சு? அதுவரைக்கும் எதைத்தான் பாத்துட்டிருந்தீங்க?"

ஹலினா கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது.

"ஒண்ணும் பாக்கலைங்க. வயித்துல வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, குழந்தையோட இதயம் நின்னுடுச்சுன்னு. அதை நான் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்லணும்."

"அப்புறம் ஏன்..."

"நான் முடிச்சிருந்தா, அந்தப் பொண்ணு தனியா உக்காந்து அதைக் கேட்டிருக்கும். புருஷன் வர்ற வரைக்கும் சும்மா வயித்தைத் தடவிக் குடுத்துட்டிருந்தேங்க."