ஒரே இடத்துக் கிறுக்கல்

"இன்னிக்கும் அதே நூல்கண்டுதான்டா," என்றாள் மாதவி. ஸ்பீக்கரில் போட்ட ஃபோன் கட்டிலில் கிடந்தது. அப்பாவின் மடியில் டேப்லெட்.

படமென்று சொல்ல ஏதுமில்லை. அகலமான வெள்ளைத் திரையின் நடுவில், உள்ளங்கையளவுக்குக் கறுப்பாக ஒரு சிக்கல். தினமும் அதே இடத்தில்.

அப்பா லக்ஷ்மிநாராயணன் ஹவுராவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த முப்பது வருஷமும் ஃபைல் ஓரங்களில் யானை, படகு, மேலதிகாரியின் மூக்கு என்று கிறுக்கித் தள்ளியவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதத்தில் பேச்சு போனது. கழுத்தும் திரும்பாது, எதைக் கேட்டாலும் பார்வை சுவரிலேயே நிற்கும். இடது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும்.

பென்சிலை அழுத்தத் தெம்பில்லையே என்று மாதவிதான் டேப்லெட்டும் அதில் எழுதுகிற பேனாவும் வாங்கி, வரைகிற ஆப் போட்டுக் கொடுத்தாள். தூரிகை, வண்ணம், கரித்துண்டு என்று ஒவ்வொன்றாகத் தானே கிறுக்கிக் காட்டினாள். அவர் எதையும் சட்டை செய்யவில்லை.

"யானை வரைஞ்ச மனுஷன்டா. மூளையில ஒண்ணுமே மிச்சமில்ல."

"அதனாலதான் சொல்றேன்க்கா. ஹோம்ல விட்டா அவருக்கு வித்தியாசமே தெரியப்போறதில்ல," என்றான் பெங்களூரிலிருந்து தம்பி ஜெய்ராம். "இனிமே நீ தினம் சால்ட் லேக் ஆபீஸ் போயாகணும். அப்பாவைப் பாத்துக்கற ஆயாவும் துர்கா பூஜையோட நின்னுடறா. வேற வழி?"

"திங்கக்கிழமை ஹோம்லேர்ந்து வண்டி அனுப்பறாளாம். சரின்னுட்டேன்."

அப்பாவின் விரல்கள் மறுபடி கிறுக்க ஆரம்பித்தன. இந்த முறை வேகமாக, பேனா கண்ணாடியில் டக்டக்கென்று தட்டும்படி.

"இப்போ போடறதை எனக்கு அனுப்பு. ஹோம் டாக்டர் கேட்டார்."

கை ஓயும்வரை காத்திருந்து, டேப்லெட்டை மெல்ல உருவினாள். அனுப்புகிற பட்டனைத் தேடிய விரல் பக்கத்திலிருந்த முக்கோணத்தில் பட்டுவிட்டது. திரை வெளுத்தது.

அழிந்துவிட்டதோ என்று பதறினாள். அழியவில்லை. அவர் போட்டதை முதல் கோட்டிலிருந்து ஆப் நிதானமாகப் போட்டுக் காட்டத் தொடங்கியது.

ஒரு வளைவு, ஒரு சுழி. பேனா எடுபட்டது. கை நகர முடியாததால் அதன் மேலேயே அடுத்தது, அதற்கும் மேலே இன்னொன்று.

மாதவி முக்கோணத்தை மறுபடி அழுத்தினாள். இந்த முறை ஒவ்வொரு கோட்டையும் தன் உள்ளங்கையில் விரலால் போட்டுப் பார்த்தாள். பாதியிலேயே நிறுத்தி, முதல் கோட்டிலிருந்து மறுபடி போட்டாள்.

"என்னக்கா, அனுப்பிட்டியா? என்ன படம் போட்டிருக்கார்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

"படமில்லடா. 'எனக்கு எல்லாம் கேக்கறது'ன்னு எழுதியிருக்கார்."