வெறும் கரைசலில் ஒரு சர்க்கரை

"மார்ச் 11. இன்று குப்பியை மாற்றி வைத்துவிட்டேன்" என்று மாலை வகுப்பில் உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதினாள், பகலில் ஆய்வகத்தில் உதவியாளாக இருக்கும் ஜெசிந்தா. பாக்டீரியாவின் சர்க்கரைகளைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள், பாக்டீரியாவே இல்லாத வெறும் கரைசல் போய்விட்டது. ஆனாலும் திரையில் ஓடும் கோட்டில் அதே கூம்பு எழுந்தது. புதிய சர்க்கரை என்று நம்பி ஆரோன் அண்ணன் தன் ஆய்வேட்டையே எழுதி முடித்திருந்த கூம்பு.

"அண்ணே, குப்பி மாறிப்போச்சு. வெறும் கரைசல் போயிருச்சு" என்று மட்டும்தான் மதியம் அவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஊசிய ஒழுங்காக் கழுவியிருக்க மாட்ட, பழசு ஒட்டியிருக்கும். அதான் அந்தக் கூம்பு வந்திருக்கு. அந்தப் பதிவ அழிச்சிரு தாயி" என்று எழுந்துகூட வராமல் சிரித்தார்.

கரைசலைக் கருவிக்குள் செலுத்தும் ஊசியைக் கழுவினாளே. ஒருவேளை சரியாகக் கழுவவில்லையோ? ஆனால் கூம்பு வந்ததை அவள் அவரிடம் சொல்லவே இல்லையே, அவருக்கு எப்படித் தெரிந்தது?

அடுத்த வரியில் எழுதினாள்: "நாளை அவர் வருமுன், புது ஊசியில் வெறும் கரைசலை மறுபடி செலுத்த வேண்டும்."