கன்னத்தில் விழுந்த டியூப்லைட்

படம் வரையக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி என் கன்னத்தில் வெள்ளைக் கோடு இழுத்தவன் நீதான். சுவரில் ஒட்டிய அச்சுப்படத்தில் ஒரு மீன்காரி கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் கேன்வாஸில் என்னை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறாய். கூடை சரி, மீனும் சரி. இந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

அவளிடமே கேட்டேன். “அக்கா, உனக்குக் கன்னத்தில் தழும்பு உண்டா?”

“எனக்கேது தங்கச்சி? நான் இருக்கிறது வழவழ தாள்ல. மேல எரியுற டியூப்லைட் என் மூஞ்சியில மின்னுது. உங்க ஆளு அதையும் சேர்த்து வரைஞ்சுட்டாரு.”

டப்பாவில் நின்ற பிரஷ் சிரித்தது. “நான் நெளிஞ்சு பார்த்தேன், விடல. நாக்கைக் கடிச்சுக்கிட்டு அப்படியே இழுத்தாரு. அப்புறம் தள்ளிப் போய் நின்னு, அசல் மாதிரியே இருக்குன்னு தலையாட்டினாரு.”

“நல்லதுதான்,” என்றாள் அக்கா. “கரண்ட் போனாலும் நீ மீன் விக்கலாம்.”

அவர்கள் சிரிக்கட்டும். வண்ணம் காய்ந்துவிட்டால் காலத்துக்கும் இந்தக் கன்னத்தோடு உட்காரப்போவது நான். இப்போது இன்னும் ஈரம் இருக்கிறது. வேண்டுமானால் கூடையில் இரண்டு மீனைக் குறைத்துக்கொள், கொசுறாக வளையலையும் அழித்துக்கொள், வாய் திறக்கமாட்டேன். முகத்தில் மட்டும் பேரம் கிடையாது. எழுந்து அந்த விளக்கை அணை. ஜன்னலைத் திறந்து அவளை ஒருமுறை ஒழுங்காகப் பார். அப்புறம் துணியில் டர்பன்டைனைத் தொட்டு, என் கன்னத்தைத் துடைத்துவிடு.