பதினெட்டு டிகிரி அறை

மலேசியாவின் கேமரன் மலையில் பனிமூட்டம் நின்றுபோன பிறகு, மரக்கிளைகளில் தொற்றி வளரும் ரோடோடென்ட்ரான் செடிகளை அழியாமல் காப்பாற்றச் சொல்லி அரசாங்கத்தார் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்கள். பவளத்தின் வீட்டுக்கு வந்த செடி ஒன்பது வருடமாகப் பூக்கவில்லை. அதற்கென்று தனிக் கண்ணாடி அறை. அங்கே பதினெட்டு டிகிரி. மற்ற அறைகளில் நாற்பத்து நான்கு.

பங்குனியில் பவளத்தின் மூத்த மகளுக்கு வெயில் காய்ச்சல் கண்டது. பவளம் அவளைச் செடிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். இரண்டாம் நாள் செடி அதிகாரி மகேந்திரன் வந்தார். "செடிக்கு ஆகாதும்மா" என்று பிள்ளையைத் தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினார். மறுநாள் அவள் இறந்துபோனாள்.

நாற்பதாம் நாள் செடி பூத்தது. நெருப்பு நிறப் பூக்கள், கொத்துக் கொத்தாக. மகேந்திரன் ஓடி வந்து, கண்ணாடி அறையில் சூடும் ஈரமும் அளக்கும் கருவியின் பதிவுகளைப் பார்த்தார்.

"பங்குனியில ரெண்டு நாள் மட்டும் காத்துல ஈரம் ஏறியிருக்கு. என்னம்மா செஞ்சீங்க?"

"என் பிள்ள மூச்சு விட்டா, சார்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடிக் கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, பவளத்தின் இடுப்பிலிருந்த சின்னவளைப் பார்த்தார்.

"இவள உள்ள படுக்க வைங்கம்மா. பூ உதிர்ற வரைக்கும்."