ரெய்னோ அடித்த மான்

பனி கொட்டத் தொடங்கியதும் ரெய்னோ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு அக்கரையிலுள்ள காட்டுக்குக் கிளம்பிவிடுவான். இரண்டு வாரம் கழித்து வெறுங்கையோடு வருவான். வருஷா வருஷம் இதே கதைதான். எங்கள் வடக்கு ஒன்டாரியோவில் மான் அடிக்கத் தெரியாதவனுக்குப் பெண் கிடைத்ததே பெரிது என்று ஊர் சிரிக்கும். அவன் மனைவி அய்லியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, குளிர்காலத்துக்குக் கடையில் மாட்டிறைச்சி வாங்கிக்கொள்வாள்.

இந்த வருஷம் மூன்றாம் நாளே வண்டி வந்து நின்றது. பின்னால் கிளைக்கொம்போடு ஒரு பெரிய மான். ஊர் வழக்கப்படி அதை வாசல் மரத்தில் தொங்கவிட்டதும் தெருவே கூடிவிட்டது.

“ஏண்டி அய்லி, ஒருவழியா உன் வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டார். கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?” என்றாள் பக்கத்து வீட்டு ஹெல்மி. “ஈரல் எனக்கு, சொல்லிட்டேன்.”

“எடுத்துக்கோ,” என்றாள் அய்லி. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

உள்ளே ரெய்னோ பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அய்லி காபியை அவன் முன்னால் வைத்தாள்.

“அவளுக்கு என்ன ஆச்சு?”

“எவளுக்கு?”

“அக்கரையில வருஷா வருஷம் நீங்க போய்த் தங்குற வீட்டுக்காரிக்கு.”

மறுக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

“போன மாசமே செத்துட்டாளாம். கதவுல பூட்டு தொங்குச்சு,” என்றான். “உடனே திரும்பி வந்தா நீ ஏன்னு கேப்பே. வேற என்ன பண்றதுன்னு தெரியல. வேட்டைக்குப் போனேன்.”