மேடை மாறி ஏறிய பேஸ்

பெரிய பெரிய ராக் குழுக்களுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கப் போகும் தவளை ஒன்று இருந்தது. பெயர் தணிகாசலம். அந்தப் பெயர் அதன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் ‘பேஸ்’.

அந்த மாதம் பாடகர் மயிலின் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. மயில் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டது: “இதோ பாரு பேஸ், நீ இருக்கிறதே தெரியக் கூடாது. தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுருவேன்.”

ஒரு விழாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடைகள். இரண்டிலும் அதே புகை, அதே கறுப்புத் திரை. தணிகாசலம் வழக்கம்போலப் பின்பக்கமாக ஏறி, திரையோரமாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தது. கீழே ஆட்டுக் கூட்டம் குதித்த குதியில் பந்தலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

பாட்டெல்லாம் முடிந்து கண்ணைத் திறந்தால், முன்னால் நின்று கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது மயில் இல்லை, கழுதை! அடுத்த குழுவின் பாடகர். அதற்கு வாசிக்க வேண்டிய எருமை, தன் வேலை போய்விட்டது என்று நினைத்து ஓரமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு என் குரல் கூட்டத்தை என்னமோ பண்ணிருச்சு, இல்ல பேஸ்?” என்றது கழுதை.

தணிகாசலம் ஒரே தாவலில் மயிலின் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆடுகள் ஒன்று விடாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே, நான் வந்து…”

மயில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

“பத்து வருஷத்துல இப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதே இல்லய்யா. நீ இருந்ததே தெரியல. நாளைக்கும் இதே மாதிரி வாசிச்சிரு!”